பன்னுவின் வயிறு

பன்னு என்று அவனுக்குப் பெயர் வைத்தது அக்காதான். நாலு வயதில் அவன் கன்னத்தை விரலால் அமுக்கினால் உள்ளே போய் மெல்ல மேலே வருமாம். பிறகு அவன் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு பேக்கரியாகவே அமைந்துவிட்டதில், பெயருக்கேற்ற பிழைப்பு என்று வீட்டில் வெகுநாள் சிரித்தார்கள். முப்பத்தாறு வயதில் கன்னம் வற்றிவிட்டது. உப்பியிருந்ததெல்லாம் வயிற்றுக்கு இறங்கியிருந்தது. கேக்குகளின் ஓரத்தைச் சீராக வெட்டி, மேலே கிரீம் பூசுவது அவன் வேலை. வெட்டிய ஓரங்கள் குப்பைக்குப் போவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பதினாறு வருட ஓரங்கள்.

"இதுக்கு மேலயும் கொஞ்சம் கிரீம் பூசி, நடுவுல ஒரு செர்ரி வச்சா வித்துடலாம்டா" என்பாள் அக்கா, அவன் சோபாவில் சாய்ந்து கிடக்கும்போது வயிற்றைக் காட்டி.

"விடு, பையன் உழைச்சுச் சேர்த்த சொத்து" என்பார் மாமா.

மாமா அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கிரீஸ் பூசுகிற மனிதர்; பேச்சு குறைவு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அம்மா அப்பா போன பிறகு பன்னுவுக்கும் வேறு யாரும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தான் என்றாலும், இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. "உங்களுக்கு வட்டம் வேணாம் சார், ஏற்கனவே முகம் வட்டம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியும் ஒரு வாடிக்கையாளர்கூடக் கோபித்துக்கொண்டு போனதில்லை. அந்தக் கடையில் சுவரெல்லாம் கண்ணாடி. ஒருநாள் புது ஃபிரேம் ஒன்றைத் தானே போட்டுப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் தன் கண்கள் மஞ்சளாக இருப்பதைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தால் இருக்கும் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். வெயிலில் இன்னும் மஞ்சளாக இருந்தது.

அவளுடைய உடம்பே அவளுடைய ஈரலை அழித்துக்கொண்டிருக்கிறது என்று இரண்டு மாதம் கழித்துச் சொன்னார்கள். குடிப்பழக்கம் இல்லை, தொற்று இல்லை, யார் தப்பும் இல்லை; சிலருக்கு அப்படி. மருந்துக்குக் கேட்கவில்லை. யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பாள். கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும். மாமா அங்கேயே சட்டைக் கையைச் சுருட்டினார். அவருடைய ரத்த வகை சேரவில்லை. பன்னுவுடையது சேர்ந்தது.

சேர்ந்தது என்று கேட்டதும் பன்னு ஆஸ்பத்திரி வராந்தாவில் விசிலடித்துவிட்டான். காவலாளி வந்து முறைத்தார். அக்கா அவரிடம், "மன்னிச்சுக்குங்க, பரிட்சைல பாஸாகி இவனுக்குப் பழக்கமில்ல" என்றாள்.

ஒரு வாரம்தான் அந்தச் சந்தோஷம். ஸ்கேன் முடிந்து டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படம்.

"இது உங்க ஈரல். முப்பது சதவீதம் கொழுப்பு. இதை எடுத்து வச்சா அவங்களுக்கும் வேலை செய்யாது, உங்களுக்கும் ஆபத்து."

பன்னுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நடுச்சபையில் சட்டையைக் கழற்றச் சொன்னது போலிருந்தது.

"எத்தனைக்கு வரணும் டாக்டர்?"

"பத்துக்குக் கீழ. வயித்துல இருக்கற கொழுப்பு குறைஞ்சா ஈரல்ல இருக்கறதும் குறையும். எட்டு, ஒன்பது கிலோ இறக்கணும். மூணு மாசம் டைம் எடுத்துக்குங்க."

"அக்கா மூணு மாசம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"தாங்குவாங்கன்னுதான் நினைக்கிறோம்" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அவன் பக்கம் சாய்ந்து, "ஈரல்லயும் கிரீம் பூசி வச்சிருக்கியேடா" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்டா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

உணவு ஆலோசகர் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். அவள் ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கணும். சர்க்கரை, வெண்ணெய், மைதா கிடையாது. வாரத்துக்கு முக்கால் கிலோ குறைந்தால் போதும்; பட்டினி கிடந்து குறைத்தால் ஈரலுக்கு ஆகாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: எங்களைக் கேட்காமல் எந்த மாத்திரையும் பொடியும் தொடக்கூடாது.

அந்தத் தாளை அவன் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அவனுக்குப் பின்னால் வழியே இல்லாமல் போனது அதனால்தான்.

முதல் ஐந்து வாரம் ஒழுங்காக நடந்தது. முதலாளியிடம் கேட்டு கேக் மேஜையிலிருந்து ரொட்டி அடுப்புக்கு மாறிக்கொண்டான். கை தானாக வாய்க்குப் போகாமல் இருக்க முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்தான். காலையில் நடந்தான், சாயங்காலம் நடந்தான். வேகவைத்த காயையும் முட்டை வெள்ளையையும் தின்று நாக்கு செத்துப்போனது. நாலரைக் கிலோ இறங்கியது. பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துப் புதிதாக இரண்டு துளை போட்டான்.

"என்ன மாஸ்டர், பொண்ணு கிண்ணு பாத்திருக்கீங்களா?" என்று பேக்கரியில் கேட்டார்கள்.

"சிக்ஸ் பேக் வைக்கப் போறேன்டா" என்றான்.

அடுப்படியே அதிர்ந்தது. ஒருவன் மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீங்களா? சிக்ஸ் பேக்கா? பன்னு ஆறு பாக்கெட்டுன்னா சொல்லுங்க, இப்பவே கட்டித் தரேன்."

அக்காவுக்கு ஈரல் கொடுக்கப் போகிறேன் என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். கொடுப்பதற்கு முன்னாலேயே பேர் வாங்கிக்கொள்வது போல. அதோடு, சொல்லிவிட்டால் காரியம் நடக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம். அதனால் இந்தப் பொய்யே எல்லோருக்கும் பதிலானது. டயர் கடை மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்தபோதும், கோச் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த மனிதரிடம் இதையேதான் சொன்னான்.

ஆறாவது வாரம் எடை நின்றது. அதே நடை, அதே சாப்பாடு. எடை மெஷின் அதே எண்ணைக் காட்டியது. ஏழாவது வாரமும் அதே. மெஷினைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துப் பார்த்தான், மூச்சை வெளியே விட்டுப் பார்த்தான்.

அந்த வாரம்தான் அக்காவின் வயிற்றில் நீர் கோத்தது. கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் நாளுக்கு நாள் மேலே வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி வைத்து மூன்று லிட்டர் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் மறுபடி வந்துவிட்டது. அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் அவனுடைய வயிற்றையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாத்தியா, உன் சொத்தெல்லாம் என் பேருக்கு மாத்திட்ட."

அவனால் அங்கே உட்கார முடியவில்லை. நேராக ஜிம்முக்குப் போனான். அன்று யாரும் சொல்லாமலே நூறு தடவை படுத்து எழுந்தான். கோச் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மாஸ்டர், இப்படிப் படுத்துப் படுத்து எழுந்தா உள்ள இருக்கற தசைதான் வளரும், மேல இருக்கறது கரையாது. சிக்ஸ் பேக்கு எல்லாருக்கும் இருக்கு. போத்திக்கிட்டுத் தூங்குது. போர்வைய உருவணும், அவ்வளவுதான்."

"ரெண்டு வாரமா ஒரு கிராம்கூட இறங்கல கோச்."

"அவசரமா?"

"அவசரம்."

"பொண்ணு வீட்டுக்காரங்க வராங்களா?" கோச் கண்ணடித்தார். கெட்ட மனிதரில்லை. தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்தார். "நான் எல்லாருக்கும் தரமாட்டேன். கொழுப்பை எரிக்கறது. பயப்படாதீங்க, வெறும் மூலிகை. தேயிலைச் சாறு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

கேட்காமல் தொடக்கூடாது என்று எழுதிய தாள் அவன் பர்ஸில் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கேட்கவில்லை. டப்பாவைத் திருப்பி இரண்டு முறை படித்தான். ஈரல் என்ற சொல்லே அதில் இல்லை. தேயிலைதானே, ஊரே குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

எடை இறங்கத் தொடங்கியது. பசி எடுக்கவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. ஓடுவதால் என்று விட்டுவிட்டான். மூன்றாவது வாரம் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றபோது, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, விலாவுக்குக் கீழே ஒரு நிழல் தெரிந்தது. தடவிப் பார்த்தான். கோடு. நடுவில் ஒன்று, குறுக்கே இரண்டு. முப்பத்தாறு வருஷம் இவனுக்குள்ளேயே இருந்தும் இவன் பார்த்திராத ஒன்று. வயிற்றை இறுக்கி நின்று பார்த்தான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். அன்று பேக்கரியில் சட்டையைத் தூக்கிக் காட்டினான். விசில் பறந்தது. அந்த நாலைந்து நாள், அக்காவுக்காக அன்றி, வெறுமனே தன் வயிற்றைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான். பின்னால் அவன் வேறு எதை மன்னித்துக்கொண்டாலும் அந்த நாலைந்து நாளை மன்னிக்க முடிந்ததில்லை.

பதினோராவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு ஆறு சதவீதம். டாக்டரம்மா எழுந்து நின்று கைகொடுத்தார். மாமா அந்தத் தாளை வாங்கி, புரியாத வரிகளையெல்லாம் வாய்க்குள் படித்தார். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தனியாக வரச் சொன்னார்கள்.

"போன தடவை உங்க ரத்தத்துல இந்த எண் நாப்பது" என்றார் டாக்டரம்மா. "நேத்து நானூத்தி எழுபது. ஈரல் அடி வாங்கியிருக்கு. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர். நீங்க எழுதிக் கொடுத்ததுதான்."

அவர் மேஜை மேல் பேனாவை நேராக வைத்தார். வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம். பன்னு பையைத் திறந்து பச்சை டப்பாவை எடுத்து வைத்தான். இருபத்துநாலு நாள் தின்றது போக அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார். திட்டவில்லை.

"நாங்க வயித்தைக் கேக்கல. ஈரலைத்தான் கேட்டோம்" என்றார்.

நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றார். நாலிலிருந்து ஆறு வாரம். அதுவரை அவனை மேஜையில் படுக்க வைக்க முடியாது. உடம்பு நன்றாயிருப்பவனைக் கொன்று நோயாளியைக் காப்பாற்ற எந்த ஆஸ்பத்திரியும் சம்மதிக்காது. இறந்தவர்களின் ஈரலுக்காகக் காத்திருப்போர் பட்டியலிலும் அக்கா பெயர் இருக்கிறது, கிடைத்தால் நல்லது.

"ஆறு வாரம் அக்கா..."

இந்த முறை டாக்டரம்மா தாங்குவாங்க என்று சொல்லவில்லை.

மாமாவிடம், "ரத்தத்துல ஏதோ ஏறியிருக்காம், கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருக்காங்க" என்றான். மாமா அவன் தோளில் கை வைத்தார். "பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கிட்ட. பரவால்ல விடு. இதுக்கு மேல ஒருத்தன் என்ன செய்வான்?" அந்தக் கை எடுக்கப்படும் வரை பன்னு மூச்சு விடவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரி அறையிலிருந்து மாமா மருந்து வாங்கக் கீழே போனார். அறையில் அக்காவும் அவனும் மட்டும். அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான். டப்பா, கோச், தேயிலை, நானூற்று எழுபது. எதையும் விடாமல் சொன்னான்.

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் ஏறி இறங்கியது.

"எனக்கு பயமா இருக்குடா பன்னு" என்றாள். அவ்வளவு நாளில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உன்மேல கோவமாவும் இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? என்கிட்டயாவது?"

அவன் மூக்கை உறிஞ்சினான்.

அவளே இந்தப் பக்கம் திரும்பினாள். "சட்டையத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குடான்னா. நான் செத்துக்கிட்டிருக்கறதுக்குக் காரணம் எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

அவன் தூக்கினான். அவள் மஞ்சள் கண்களைச் சுருக்கிக்கொண்டு, விரலால் தொட்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மிச்சம் ரெண்டு எங்க?"

"அது... அது கீழ இருக்காம். இன்னும் வரல."

"வேலைய முடிக்காமயே பாஸ் மார்க் கேக்கறியே!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீர் கோத்த வயிறு குலுங்கி வலித்தது. கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் அழுதுகொண்டே சிரித்தான். மாமா மருந்துப் பையோடு உள்ளே வந்தபோது இருவரும் அந்த நிலையில்தான் இருந்தார்கள்.

"என்ன?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா.

மறுநாள் அவனிடம் தனியாகச் சொன்னாள்: "மாமாகிட்ட சொல்லிடாத. எனக்கப்புறம் அவருக்கு நீதான், உனக்கு அவர்தான். அதைக் கெடுத்துக்காத."

வாரத்துக்கு ஒரு முறை அவன் ரத்தம் கொடுத்தான். முந்நூற்றுப் பத்து. நூற்றுத் தொண்ணூறு. கொடிமாதிரிக் கைநரம்பில் ஊசி ஏறும்போதெல்லாம், சீக்கிரம் இறங்கு, சீக்கிரம் இறங்கு என்று உள்ளுக்குள் கெஞ்சினான். பத்தொன்பதாம் நாள் அக்காவின் வயிற்று நீரில் கிருமி தொற்றியது. இருபத்தோராம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு அவள் போய்விட்டாள். மாமா அவளுடைய கால்பக்கம் நின்றுகொண்டிருந்தார். பன்னு கைப்பக்கம்.

அக்கா போன பிறகும் டாக்டரம்மா சொன்னபடி அவன் ஒருமுறை கொடுத்த ரத்தத்தின் முடிவு பத்தாம் நாள் வந்தது. போனில் பேசிய பெண் புதியவள் போலிருக்கிறது. "சார், உங்க ரிப்போர்ட் நார்மல். அடுத்த டெஸ்ட்டுக்கு எப்ப வரீங்க?" என்றாள் உற்சாகமாக. அவன் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை எடுக்கப் போய்க்கொண்டிருந்தான். "தேங்க்ஸ்ங்க" என்று வைத்துவிட்டான். அந்தத் தட்டு முழுவதும் கருகிப்போனது.

ஜிம்முக்கு ஒரு முறைதான் போனான். முன்னால் எடுத்த போட்டோவையும் இப்போதையதையும் சேர்த்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கோச் நாலைந்து தடவை கூப்பிட்டிருந்தார். மாட்டாதீங்க என்று சொல்லத்தான் போனான். நடந்ததையும் சொல்லிவிட்டான். கோச் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொல்லலியே மாஸ்டர். பொண்ணு விஷயம்னுல்ல நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த டப்பாவை நான் தொட்டிருப்பேனா?" என்றார். அது உண்மைதான். பன்னு மாடியிறங்கி வந்தான்.

தாங்க முடியாதது மாமாதான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவர் அதையே சொன்னார். பேசாத மனிதர், இந்த ஒன்றை மட்டும் பேசினார். "என் மச்சினன் தன் உடம்பையே உருக்கிட்டாங்க. அப்படி ஒரு வயிறு இருந்தது இவனுக்கு. எங்க போச்சு பாருங்க." வந்தவர்கள் பன்னுவின் வயிற்றைப் பார்ப்பார்கள். தலையாட்டுவார்கள். அவன் தட்டில் இருப்பதைப் பிசைந்துகொண்டிருப்பான். அக்கா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு இரண்டு மாதம் அதைக் கேட்டான். மூன்றாவது மாதம் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவின் கண்ணாடி ஃபிரேம்களை மாமா மேஜையில் பரப்பியிருந்தார். பதினொன்று இருந்தன. பவர் இல்லாத வெறும் கண்ணாடிகள். கடையில் எது புதிதாக வந்தாலும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வாள். யாருக்காவது கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று அவர் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். அக்காவிடம் சொன்ன அதே வரிசையில். மாமா துணியைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"எத்தனை மாத்திரை?"

"நாப்பத்தெட்டு."

"ரத்தத்துல ஏதோ ஏறியிருக்குன்னு சொன்னியே."

"அதுதான் அது."

மாமா மேஜையைப் பார்த்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கே சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னா."

மாமாவின் முகம் அதுவரைகூட ஒரு நிலையில்தான் இருந்தது. இதைக் கேட்டதும்தான் உடைந்தது. "மூணு வாரம்" என்றார். "மூணு வாரம் என் கண்ணெதிர்ல படுத்துக்கிட்டு, இதை உள்ளயே வச்சிருந்தாளா? எதுக்கு? நான் உன்னை என்ன செஞ்சுடுவேன்னு நினைச்சா?"

"மாமா..."

"நான் ஊரெல்லாம் உன்னைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த."

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பன்னு நாற்காலியிலேயே இருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்து முடித்துப் பிழிந்து உலர்த்தியும் விட்டார்கள். போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. அக்காவிடம் கேட்டுச் செய்யலாம் என்று ஒரு நினைப்பு வந்த பிறகுதான் அவள் இல்லை என்பது உறைத்தது.

அவன் எழுந்து செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை.

"பன்னு."

"மாமா."

"இன்னிக்கு என்னால உன் மூஞ்சியப் பாக்க முடியாது."

"சரி மாமா."

"நாளைக்கு வா."

"சரி மாமா."

மறுநாள் பேக்கரி முடிந்து, வழக்கமான நேரத்துக்குப் போனான். மாமா கதவைத் திறந்தார். ராத்திரி தூங்காத முகம். அவன் உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.